ஒரே இரவு, நான்கு ஸ்லீப்பிங் பேக்: ஜவ்வாது மலையில் குளிர்ந்தது யாருக்கு?

வேலூரை வெயிலூர் என்று சொல்லிச் சிரிக்கிற ஊர்க்காரன் நான். மே மாதத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் படுக்கிற எங்களுக்கு ஸ்லீப்பிங் பேக் எதற்கு என்று அம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் வீட்டில் நான்கு பைகள் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூட யோசித்து வாங்கியதல்ல. அந்த நான்கையும் ஒரே இரவில், ஒரே நிலத்தில் விரித்துப் படுத்தோம். ஒருத்தர்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. ஏன் என்று தெரியாமல் புதுப் பை வாங்கக் கூடாது என்று முடிவு செய்து, ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்கு அதே பைகளுடன் திரும்பப் போனோம். இரண்டு இரவுகளின் கணக்கும் இது.

முதல் இரவு

ஒவ்வொரு டிசம்பரிலும் 13, 14 தேதிகளை ஒட்டி ஜெமினிட் எரிகல் மழை உச்சத்துக்கு வரும். வேலூருக்குள் இருந்து பார்த்தால் தெரு விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து தெரிந்தாலே அதிகம். அண்ணாந்து பார்க்க ஜவ்வாது மலைதான் சரி. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதும் அந்த இருட்டுக்காகத்தானே. நாங்கள் போனது காவலூருக்கு அல்ல. கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் பக்கம். இப்போது அது திருவண்ணாமலை மாவட்டம். 1989க்கு முன்னால் இரண்டும் ஒரே வட ஆற்காடுதான். காப்புக் காட்டில் அனுமதியில்லாமல் இரவு தங்கக் கூடாது என்பதால், தெரிந்தவர் மூலமாக மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில் கேட்டுக்கொண்டு படுத்தோம். சாமை அறுத்து முடித்த கொல்லை. பக்கத்தில் ஓடை.

போனது நான்கு பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, என் அக்கா மகன்.

கிளம்பும் முன்னால் நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 220 மீட்டர் வாக்கில். நாங்கள் படுக்கப்போகும் இடம் 800 என்று வையுங்கள். வித்தியாசம் 580 மீட்டர், நாலு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. வேலூரில் அந்த வாரம் விடியற்காலை 19 டிகிரி. ஆக மலையில் 15. என்னிடமும் மனைவியிடமும் இருந்தது 15 டிகிரி பை, ஒரே மாதிரி இரண்டு. கணக்கு கச்சிதமாக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

விடியற்காலை நாலு மணிக்குத் தெர்மாமீட்டர் காட்டியது பன்னிரண்டரை.

அதற்குள் நடந்ததை ஆள்வாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

மைத்துனன் கேதார்காந்தா போவதற்கென்று வாங்கிய பை வைத்திருந்தான். உத்தராகண்டில் 3,800 மீட்டர் உச்சி, டிசம்பர் பனி. அதற்கேற்ற, உடம்போடு ஒட்டியிருக்கும் மம்மி வடிவப் பை, உள்ளே வாத்தின் மென்தூவல், கடைக்காரர்கள் டவுன் என்பார்கள். சௌகரிய வெப்பநிலை மைனஸ் 5. பத்து மணிக்கு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "மாமா, இதுல படுத்தா சொர்க்கம்" என்றான். பதினொன்றரைக்கு பனியனோடு வெளியே வந்து உட்கார்ந்திருந்தான். வியர்த்துக் கொட்டியிருக்கிறது. ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டுப் பையின் மேலேயே படுத்தான். வியர்வை ஒரு பக்கம், மேலே இறங்கிய பனி ஒரு பக்கம். மூன்று மணிக்குக் குளிர் தாங்காமல் திரும்ப உள்ளே நுழைந்தபோது பை நசநசவென்று ஈரம். நாலு பேரில் விலை அதிகமான பை அவனுடையது. ஆனாலும் நடுங்கினான்.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். ஆன்லைனில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கிய செவ்வகப் பை, பாலியஸ்டர் பஞ்சு. பையின் மேல் "0 முதல் 15 டிகிரி வரை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது யாருக்கு, எந்தச் சோதனையில் என்று ஒரு வரி இல்லை. அவன் தரையில் தார்ப்பாயை விரித்து அதன்மேல் நேராகப் பையைப் போட்டுப் படுத்தான். ஃபோம் மேட் எடுத்துக்கோடா என்று சொன்னதற்கு, பையே மெத்துமெத்துனு இருக்கு மாமா என்றான். ஒரு மணிக்கு எழுப்பினான். "மேல ஒண்ணும் இல்ல மாமா. கீழ இருந்து முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு."

நான் ஃபோம் மேட் போட்டு, காலுறை போட்டு, குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு படுத்தேன். இரண்டு மணிவரை குறை இல்லை. அப்புறம் பாதம் சில்லிட்டது. முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுத்தேன், விடியும்வரை ஓட்டிவிட்டேன். தூக்கம் என்று சொல்ல முடியாது. சமாளித்தேன்.

மனைவிக்கு என்னுடையதே போன்ற பை, அதே மேட், என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளிப் படுக்கை. பன்னிரண்டு மணிக்கே, "ஏங்க, உங்களுக்குக் குளிரலையா?" என்றாள். இல்லையே என்றேன். நான் சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. மலைப்பாதையின் வளைவுகளில் அவளுக்குக் குமட்டல் வந்து, இரவு சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து காருக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

எரிகல் நிறையவே பார்த்தோம், அதில் குறை சொல்ல முடியாது.

காலையில் நிலத்துக்காரர் வரக்காப்பி கொண்டுவந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் படுத்த இடத்தைப் பார்த்தார். "பள்ளத்துல ஏன் சார் படுத்தீங்க? பனி அங்கதான் எறங்கும். களத்து மேட்டுக்கு வந்திருக்கலாம்ல. கீழயும் ஒண்ணும் போடல. அறுத்த சாமைத் தாள் அவ்வளவு கெடக்குது, ஒரு வார்த்தை கேட்டிருந்தா அள்ளிப் போட்டிருப்பேன்." அவர் ஒரு கோரைப்பாயும் பழைய கம்பளியும் வைத்துக்கொண்டு திண்ணையில் படுத்து எழுந்து வந்திருந்தார். நன்றாகத் தூங்கின முகம்.

எங்கே தப்பு?

வீட்டுக்கு வந்ததும் மைத்துனன், "பத்து டிகிரி பை நாலு வாங்கிடலாம் மாமா, முடிஞ்சது" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பை பத்தாமல் குளிர்ந்திருந்தால் அவனுக்கு ஏன் குளிர்ந்தது?

முதலில் அந்த எண்கள். ஐரோப்பாவில் 2002ல் ஈஎன் 13537 என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். 2016ல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 23537 வந்தது. ஆய்வுக்கூடத்தில், உடம்பு முழுக்க வெப்பக் கருவி பொருத்திய ஒரு பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்து அளக்கிறார்கள். அதிலிருந்து வரும் எண்களில் மூன்று முக்கியம். சௌகரியம் என்பது சராசரிப் பெண் ஒருவர், 25 வயது, 60 கிலோ, தளர்வாகக் கை கால் நீட்டிப் படுத்துக் குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. எல்லை என்பது சராசரி ஆண், 73 கிலோ, சுருண்டு படுத்துக்கொண்டு இரவை ஓட்டக்கூடிய வெப்பநிலை. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரிவரை இடைவெளி இருக்கும். மூன்றாவது எண்ணான குளிர் உச்சத்தைப் பார்த்து யாரும் பை வாங்க வேண்டாம். ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம், விரல்கள் உறைந்துபோகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். சில கடைகளில் அந்த எண்ணையே பெரிதாக ஒட்டி விற்கிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல்.

எங்கள் பையின் உள்பக்கத்தில் தைத்திருந்த துண்டுச் சீட்டை நான் அப்போதுதான் படித்தேன். சௌகரியம் 15, எல்லை 11. அன்றிரவு பன்னிரண்டரை. ஆக நான் சுருண்டு படுத்து ஓட்டியதும், என் மனைவி எழுந்து போனதும் அந்தச் சீட்டில் ஏற்கெனவே எழுதியிருந்தது. "உனக்கு எப்பவுமே குளிர்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லாப் பெண்களுக்கும் அதிகமாகக் குளிரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எடை, வயது, களைப்பு, சாப்பாடு எல்லாம் கணக்கில் வரும். அன்றைக்கு அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது. நம் உடம்பு உண்டாக்குகிற சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அடுப்பில் விறகு வைக்காமல் கதவை மட்டும் சாத்தி என்ன பயன்?

அக்கா மகன் விஷயம் இதைவிடச் சுவாரசியம். பஞ்சோ தூவலோ, சூட்டைக் காப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிப்போகிறது, காற்று வெளியேறிவிடுகிறது. அந்தப் பக்கம் பை இருந்தும் இல்லாத கதைதான். தரை, உடம்புச் சூட்டை விடியவிடிய உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஆய்வுக்கூடப் பொம்மையைக்கூட வெறும் தரையில் போடுவதில்லை. கீழே மேட் போட்டு, உள்ளாடையும் காலுறையும் மாட்டித்தான் அளக்கிறார்கள். ஆகவே மேட் இல்லாமல் படுத்தால் பையின் மேலிருக்கும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. மேட்டுகளுக்கு ஆர் மதிப்பு என்று தனியாக ஓர் அளவு உண்டு. எண் கூடக் கூடத் தரைக் குளிர் குறையும். சாதாரணக் கெட்டி ஃபோம் மேட் இரண்டை ஒட்டி இருக்கும். எங்கள் மலைகளுக்கு அது போதும், பனித்தரைக்குப் போதாது.

மைத்துனன் ஈரத்தில் தோற்றான். டவுன் எடை குறைவு, சுருட்டினால் கையடக்கம், சூடு அபாரம். ஒரு அவுன்ஸ் தூவல் எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதைத்தான் 600, 800 என்று எண் போட்டு விற்கிறார்கள். ஆனால் நனைந்தால் கோழி இறகு நனைந்த மாதிரி ஒட்டிக் கட்டியாகிவிடும். உப்பல் போனால் காற்றும் போச்சு, சூடும் போச்சு. பாலியஸ்டர் பஞ்சு கனம், இடத்தை அடைக்கும், ஆனால் ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும். காலையில் தொட்டுப் பார்த்தபோது நாலு பைகளின் மேல்துணியும் நனைந்திருந்தன. அக்கா மகன் பை உள்ளுக்குள் காய்ந்தே இருந்தது.

மழையே பெய்யாமல் ஏன் நனைந்தது, என் 15 டிகிரிக் கணக்கு ஏன் பொய்த்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். மேகமில்லாத, காற்று அசையாத இரவு. நட்சத்திரம் பார்க்க நாங்கள் தேடிப்போனதே அப்படிப்பட்ட இரவைத்தான். அந்த மாதிரி இரவில் தரையும், தரையில் கிடக்கும் பொருளும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. பையின் மேல்துணி சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனம் கூடியது, அதனால் தண்ணீர் மாதிரிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது பொதுச் சராசரி. ஓடையோரப் பள்ளத்துக்கு அது தெரியாது. நிலத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது இரவு

பொங்கல் லீவில் திரும்பப் போனோம். மனைவி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. "என்னைக் காருல படுக்க வெச்ச எடத்தைப் பார்த்துட்டு வரணும்" என்று முதல் ஆளாகக் கிளம்பினாள்.

புதிதாக ஒரு பைகூட வாங்கவில்லை. வாங்கியது இன்னொரு ஃபோம் மேட், இன்னொரு தெர்மாமீட்டர், அவ்வளவுதான். இடத்தை மாற்றினோம். ஓடையிலிருந்து முப்பது நாற்பது அடி உயரத்தில் இருக்கும் களத்து மேடு. நிலத்துக்காரர் சாமைத் தாளை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மிதித்து, அதன்மேல் கோரைப்பாயைப் போட்டுக் கொடுத்தார். அதன்மேல் ஃபோம் மேட். தாளுக்குள் சிக்கியிருப்பதும் காற்றுதான். பாட்டன் முப்பாட்டன் காலத்து ஆர் மதிப்பு என்று மைத்துனன் சொன்னான், அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை. தலைக்கு மேலே இரண்டு மரத்துக்கு நடுவில் தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டினோம். வானத்துக்கும் பைக்கும் நடுவே ஒரு திரை.

பைகளையும் ஆள் மாற்றினோம். டவுன் பை மனைவிக்கு. அவள் அதற்குள் நுழையவே இல்லை. ஜிப்பை முழுக்கத் திறந்து, கால் பக்கம் மட்டும் பைக்குள் இருக்க, மற்றதைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டாள். சூடு அதிகமானால் ஒரு கையை வெளியே போட்டால் போதும். மைத்துனனுக்கு எப்போதும் உடம்பு சூடு, ஆகவே அவனுக்கு மனைவியின் 15 டிகிரிப் பை. உள்ளே நுழைக்க ஒரு உறை தைத்திருந்தோம். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து, இரண்டு ஓரங்களையும் மெஷினில் ஓட்டினால் ஒரு ஆள் நீளத்துக்குப் பை தயார். கடையில் லைனர் என்று விற்கிறார்கள். கொஞ்சம் சூட்டைக் கூட்டும். அதைவிட முக்கியம், வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அதை மட்டும் துவைத்தால் போதும். அக்கா மகனுக்கு அதே ஆயிரத்து நானூறு ரூபாய்ப் பை. நான் என் பையிலேயே.

எட்டு மணிக்குச் சூடாகச் சாப்பிட்டோம். படுக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு கை வறுத்த வேர்க்கடலை. பகலில் நடந்த உடுப்பை அப்படியே போட்டுக்கொண்டு படுக்காமல் காய்ந்த உடுப்புக்கு மாறினோம். மனைவிக்கு ஒரு எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, கால் மாட்டில் வைத்தேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பாதி ராத்திரியில் அது கசிந்தால் எனக்கு அந்த மலையிலேயே இடம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்றைப் பழைய பள்ளத்தில் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிட்டோம், மற்றொன்றை மேட்டில். விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளத்தில் 10.9, மேட்டில் 12.8. கூப்பிடு தூரத்தில் இரண்டு டிகிரி வித்தியாசம். நாங்கள் படுத்த இடத்தில் போன முறையைவிடக் குளிர் பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அக்கா மகனை ஏழு மணிக்கு உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. போன மாதம் முதுகில் ஐஸ் வைத்த அதே பை. மனைவி ஒரு முறை மட்டும் எழுந்தாள், அதுவும் குளிரால் அல்ல. மைத்துனன் மூன்று மணி வாக்கில் குல்லாவைத் தேடியதாகச் சொன்னான். எனக்குப் பாதம் சில்லிட்டது, ஆனால் சுருளவில்லை. நாலு பைகளின் மேல்துணியும் காய்ந்திருந்தன. தார்ப்பாயின் மேல்பக்கம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி நனைந்திருந்தது.

இடம், தாள், மேட், தார்ப்பாய், சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் பாதிக்குமேல் முதுகுக்குக் கீழே போட்டதுதான். அக்கா மகன்தான் சாட்சி.

பிறகு என்ன வாங்கினோம்

ஒன்றே ஒன்று. மனைவிக்கு, சௌகரியம் 8 என்று ஐஎஸ்ஓ எண்ணோடு சீட்டுத் தைத்த பாலியஸ்டர் பை. டவுன் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஜவ்வாது மலை, ஏலகிரி, எப்போதாவது பர்வதமலை என்று போகிற எங்களுக்கு மைனஸ் எண்கள் தேவையே இல்லை. வடக்கே பனியில் நடக்கப் போகிறவர்கள் விலை உயர்ந்த பையை வாங்குவதற்கு முன்னால், அடுத்த ஐந்து வருடத்தில் எத்தனை இரவு அதில் படுப்போம் என்று விரல்விட்டு எண்ணுவது நல்லது. மைத்துனன் எண்ணினான், ஆறு இரவு. மலையடிவாரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. அடுத்தவர் வியர்வை என்று தயங்கினால், வேட்டி உறை இருக்கிறது.

வடிவத்தில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. மம்மி வடிவம் உடம்போடு ஒட்டியிருப்பதால் உள்ளே சூடாக்க வேண்டிய காற்று குறைவு, தலைக்கும் மூடி உண்டு. செவ்வகத்தில் புரண்டு படுக்கலாம். பதினைந்து டிகிரிக்கு மேல் செவ்வகம், பூஜ்யத்துக்குக் கீழே மம்மி, நடுவில் அவரவர் தூங்குகிற தினுசு. ஜிப் மட்டும் கடையிலேயே நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துணியைக் கவ்வுகிற ஜிப் இருட்டில் உயிரை வாங்கும்.

வேலூர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை மீதி 355 நாட்கள். டவுன் பையை மைத்துனன் அதன் சின்ன உறைக்குள் அமுக்கி, ஒரு வருடம் பரணில் போட்டிருந்தான். எடுத்து விரித்து, ஒரு மணி நேரம் விட்டு, அடிக்கோல் வைத்துப் பார்த்தபோது தூவல் அடைத்த சில அறைகளில் மூன்று விரல் உயரம்கூட உப்பவில்லை. அமுங்கியே கிடந்தால் தூவலும் பஞ்சும் நிமிர்வதை மறந்துவிடும். இப்போது எல்லாப் பைகளையும் பழைய தலையணை உறைகளில் தளர்வாகப் போட்டு, பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறோம். பயணம் முடிந்து வந்ததும் நிழலில் இரண்டு நாள் கொடியில் காயவைத்த பிறகுதான் உறைக்குள் போகும்.

அக்கா மகன் இந்த டிசம்பரில் கேதார்காந்தா போகிறான். மைத்துனனின் டவுன் பையைக் கேட்டிருக்கிறான். அக்கா மகன் மைத்துனனைவிட நாலு விரல் உயரம். கால் முட்டினால் அந்த இடத்தில் தூவல் நசுங்கிக் குளிரும் என்பதால், போட்டுப் பார்க்காமல் தர மாட்டேன் என்று மைத்துனன் சொல்லிவிட்டான். போட்டுப் பார்த்தது அக்னி நட்சத்திரத்தில், எங்கள் வீட்டு ஹாலில், மதியம் இரண்டு மணிக்கு. கழுத்துவரை ஜிப்பை ஏற்றி, மூடியைத் தலையில் போட்டு, கால் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய்விட்டது. உள்ளேயிருந்து, "மாமா, நீளம் சரியா இருக்கு, ஜிப்பை எறக்குங்க" என்ற குரல் வந்தது.